அரோரா: ஒரே சொல், பல விடியல்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, சிமெண்டைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்று விழாக் குழுவினர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அரியலூர்ப் பக்கம் ஆலையில் மின் பராமரிப்புப் பார்க்கிறவனுக்கு இது கடுமையான நிபந்தனைதான். அதனால் 'அரோரா' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன்.

அரோரா என்றால் ரோமானியர்களின் விடியல் தேவதை. கிரேக்கத்தில் ஈயோஸ், வேதத்தில் உஷஸ். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்கிறார்கள் மொழியியலார். நம்மிடம் வைகறை, புலரி, விடியல் என்று தனியாகவே சொற்கள் உண்டு. 1917-இல் ரஷ்யப் புரட்சிக்கு அடையாளமாக வெற்று வேட்டு முழங்கிய போர்க்கப்பலின் பெயரும் அரோராதான். சிகாகோ அருகே அந்தப் பெயரில் ஒரு நகரம்; அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயில்கூட இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு அது அமேசானின் டேட்டாபேஸ். டெல்லியில் வேலைக்குப் போனால் 'அரோரா' என்று ஒரு மேனேஜர் வருவார். அவருக்கும் விடியலுக்கும் சம்பந்தமில்லை. அது பஞ்சாபிக் குடும்பப் பெயர்.

ஆரோவில் கதை இன்னும் சுவையானது. 1968-இல் தொடங்கிய அந்த நகரின் பெயர் ஸ்ரீ அரவிந்தரைக் குறிக்கிறது. அரவிந்தம் என்றால் தாமரை. வங்காள உச்சரிப்பில் அது 'அரோபிந்தோ' ஆனது. ஆனால் பிரெஞ்சில் 'அரோர்' என்றால் விடியல். ஆகவே ஆரோவில்லை 'விடியலின் நகரம்' என்றும் படிக்கலாம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்யும் மதுரை ஆரோலேபில் இருக்கும் 'ஆரோ'வும் அரவிந்தர் வழி வந்ததுதான். ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். வானத்தில் தெரியும் அரோராவை நாம் துருவ ஒளி என்கிறோம். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்கள் பக்கம் வழிநடத்துகிறது. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் அவை ஆக்சிஜன் மீது மோதினால் பச்சை; இன்னும் மேலே போனால் சிவப்பு. தமிழ்ப் பெயர் நல்ல பெயர்தான், எங்கே தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் 2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தபோது அந்தப் பெயரும் கொஞ்சம் ஆட்டம் கண்டது!

"அண்ணா, பெரம்பலூர்ல தெரியாத வெளிச்சம் நமக்கு எதுக்கு?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இதே காந்தப் புயல் அடித்தது. தரையில் தூண்டப்பட்ட மின்னோட்டம் எர்த் செய்த நியூட்ரல் வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் ஏறியது. கிட்டத்தட்ட நேர்மின்னோட்டம் மாதிரி அது ஓடினால் கோர் சாச்சுரேட் ஆகும், ஹார்மோனிக்ஸ் பெருகும், ரிலேக்கள் டிரிப் ஆகும். சுமார் 90 விநாடியில் மொத்த கிரிடும் சரிந்து, 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். மேலே பார்க்கிறவனுக்கு வண்ணம். சப்ஸ்டேஷனில் நிற்கிறவனுக்கு அபாயச் சங்கு.

நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கியூபெக் அளவுக்குப் பயமில்லை. ஆனால் முழுக்கத் தப்பிக்கவும் முடியாது. 2024 மே புயலில் அமெரிக்காவில் மக்காச்சோளம் விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் ஜி.பி.எஸ். வழிகாட்டல் இல்லாமல் நின்றன. நம் பெரம்பலூரும் மக்காச்சோள ஊர்தானே! சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் இன்று செயற்கைக்கோளை நம்பித்தான் அளவை நடக்கிறது.

இன்னொன்று. சாத்தனூர் கல்மரத்துக்குச் சுமார் 12 கோடி வயது என்கிறார்கள். அந்தக் காலத்தில் இந்தியா தெற்கே, 40 டிகிரி அட்சரேகை வாக்கிலோ அதற்கும் அப்பாலோ இருந்தது. இன்று டாஸ்மேனியாவிலிருந்து தென் துருவ ஒளியைப் பார்க்கிற மாதிரி, அன்று இந்த மண்ணிலிருந்தும் சில இரவுகளில் அது தெரிந்திருக்கும். பார்க்கத்தான் ஆள் இல்லை.

மின்னியல் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புரோட்டான் காந்தமானியை மாணவர்களே செய்துவிடலாம். நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. 2024 மே மாதம் அந்தப் புயலில் அது சில நூறு குறைந்தது. அதைப் பிடிக்கக் கல்லூரிக் கருவியே போதும். ஆனால் சிமெண்ட் லாரி போகும் ரோட்டோரம் வைக்காதீர்கள், லாரியைத்தான் அளப்பீர்கள்! பச்சைமலை அடிவாரம் தோதான இடம். யாராவது புராஜெக்டாக எடுத்தால், சுற்றுவதற்குத் தாமிரக் கம்பி வாங்கித் தர நான் தயார். சனிக்கிழமை மாலைகளில் ஊரில்தான் இருப்பேன்.