இரட்சணியமும் மீட்பும்



ஆனைக்குட்டத்திற்கு அண்மையிலுள்ள சிவகாசியில் 1858 அக்டோபர் 22ஆம் நாள் தாமஸ் ராக்லண்ட் என்னும் ஆங்கிலேய இறைப்பணியாளர் மறைந்தார். கேம்பிரிட்ஜில் கற்ற அவர், கூடாரமிட்டு ஊர் ஊராய்ச் சென்று இரட்சிப்பின் செய்தியைச் சொன்னவர். அதே 1858இல், நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ராக்லண்ட் ஊர்தோறும் சொன்ன சொல்லைக் கிருஷ்ணபிள்ளை காப்பியமாக்கினார். ஜான் பனியனின் நூலைத் தழுவி 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' ஐந்து பருவங்களை உடையது.

இரட்சணியம் வடசொல், காத்தல் என்பது அதன் பொருள். மீட்பு தமிழ்ச்சொல். கையிலிருப்பதை இழவாமல் வைத்திருப்பது காத்தல். கைவிட்டுப் போனதை விலை கொடுத்துத் திரும்பப் பெறுவது மீட்டல். அடகு வைத்த நகைக்காக ஏங்கியவர்க்கும், முன்பணம் பெற்ற கடனுக்காகத் தீப்பெட்டி வேலைக்குப் பிள்ளையை அனுப்ப நேர்ந்த கரிசல் காட்டுத் தாய்க்கும் இச்சொல்லை அகராதி கற்பிக்க வேண்டியதில்லை. கடனில் மூழ்கியவர் தம்மைத் தாமே மீட்டுக்கொள்ள இயலாது. விலையை வேறொருவர் தர வேண்டும். அவ்விலை சிலுவையில் தரப்பட்டது என்பதே கிறித்தவ நம்பிக்கையின் மையம்.

அருள் முந்துமா, முயற்சி முந்துமா என்னும் வினா இம்மண்ணுக்குப் புதிதன்று. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்னும் இரு உவமைகளால் வைணவம் அதனை ஆராய்ந்தது. பவுலடியாரும் மீட்பை அருட்கொடை என்றே உரைத்தார். மனிதர் பெருமை பாராட்ட அதில் இடமில்லை என்றார். ஆயின் நற்செயல் வேண்டாவோ எனின், வேண்டும். அது மீட்புக்குத் தரும் விலையன்று. மீட்கப்பட்ட மரத்தில் விளையும் கனி.

இலக்கணம் கற்றோர் கருதத்தக்கது ஒன்றுண்டு. பவுலின் மடல்களில் இவ்வினை முக்காலத்திலும் வருகிறது: மீட்கப்பட்டோம், மீட்கப்படுகிறோம், மீட்கப்படுவோம். ஒரு நாளில் முடிந்துபோன நிகழ்ச்சியாக மட்டும் அதனைக் கொண்டால் எஞ்சிய இரு காலங்களும் பொருளற்றுப் போகும். யாத்திரிகம் என்னும் பெயரே வழிநடையைக் குறிப்பது.

பனியனின் பயணி, மனைவி மக்கள் கூவி அழைக்கவும் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். 1678இல் அவ்வாறு அவனை ஓடவிட்ட பனியன், 1684இல் இரண்டாம் பகுதி எழுதி, அவன் மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடக்கச் செய்தார். தனியொருவன் தப்பியதோடு மீட்பு நிறைவுறவில்லை என்பதை அந்நூலே உணர்த்துகிறது.

வெடிமருந்துக் கிடங்கில் தீப்பற்றினால் வெளியேறியவர் முதலில் செய்வது உள்ளே இருப்போரைப் பேர் சொல்லி அழைப்பதே. தாம் மீட்கப்பட்டதாகச் சொல்லும் ஒருவர், பிறரை அழைக்கும் அக்குரல் தம்மிடம் உண்டா எனக் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்களும் அவ்வினாவைத் தம் பாடுபொருளாகக் கொள்வாராக.