வீட்டுப் பெண்களுக்குப் பத்து சென்ட் கேழ்வரகு

(இராஜபாளையம் வட்டார உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பருத்திப் பூச்சியைப் பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். இன்று நம் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே பலருக்கு மார்பு கனத்து வலிக்கும். வயிறு உப்பும். தலைவலி, சோர்வு, காரணமில்லாத கோபமும் அழுகையும் வரும். விலக்கு வந்து ஓரிரு நாளில் தணிந்துவிடும். இதைத்தான் பல வீடுகளில் 'திமிர்' என்று ஏசுகிறோம். இது சுரப்பிகளின் ஏற்ற இறக்கத்தால் வருவது. அந்தப் பெண்ணின் குணக்கேடு அன்று.

உணவால் இதைக் குறைக்க முடியுமா? ஓரளவு முடியும். 1998-இல் அமெரிக்காவில் 466 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு வெளிவந்தது. தினம் 1200 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் தொல்லை 48 சதம் குறைந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் 30 சதம் குறைந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆகவே இது முழு மருந்தல்ல, நல்ல துணை.

அந்தச் சத்து நம் கரிசலிலேயே விளைகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லி கிராம் உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் பத்துகூட இல்லை. முளைகட்டி அரைத்தால் சத்து இன்னும் நன்றாகச் சேரும். கறக்கிற பாலெல்லாம் திருவில்லிப்புத்தூர் பால்கோவா அடுப்புக்குப் போகாமல், பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோருக்காவது நிறுத்துங்கள். அந்த நாட்களில் ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைந்தால் நல்லது.

இன்னொன்று இரத்தச் சோகை. அது தனி நோய். ஆனால் சோர்வைக் கூட்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு அது உண்டு. காலை ஷிப்டுக்கு நூற்பாலை போகும் பெண் டீயும் பன்னுமாக ஓடுகிறாள். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச் சத்தைச் சேரவிடாது. முருங்கைக் கீரையும் பயறும் கொடுங்கள், கூடவே ஒரு நெல்லிக்காய். சடங்கான புதிதில் உளுந்தங்களி கிண்டித் தருகிறோம். பிறகு ஏன் நிறுத்துகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

நிலம் முழுவதும் பருத்தி, மக்காச்சோளம் என்று சந்தைக்கே போடாமல், கிணற்றடியில் 10 சென்ட் கேழ்வரகு நடுங்கள். 200 கிராம் விதை போதும். நல்ல பராமரிப்பில் சுமார் 100 கிலோ கிடைக்கும். இரண்டு பெண்களுக்குத் தலைக்கு 100 கிராம் வீதம் ஓராண்டுக்குத் தாராளமாகக் காணும்.

வேலைக்கே போக முடியாத வலி, உயிரை வெறுக்கும் மனநிலை என்றால் களியை நம்பிக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.