இரண்டு உலாவிகள், ஒரு கவிதை

கவிதையின் அடியில் அருஞ்சொற்பொருள் தருவது நம் பதிப்பு மரபு. இணையப் பக்கத்தில் அதனை வேறு விதமாகவும் தரலாம்: அருஞ்சொல்லைச் சுட்டியதும் அதன் பொருள் அருகே விரியும். இச்சிறு செயலைப் பயிலப் புகுந்தோர் 1997ஆம் ஆண்டில் பட்ட பாடு சிறிதன்று. அவ்வாண்டில் நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பும், மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் நான்காம் பதிப்பும் வெளிவந்தன. இரண்டிலும் இயங்கியது ஏறத்தாழ ஒரே நிரல்மொழி, ஜாவாஸ்கிரிப்ட். ஆயினும் பக்கத்தின் ஓர் உறுப்பைச் சுட்டும் முறை வேறுவேறு. நெட்ஸ்கேப்பில் 'லேயர்ஸ்' என்னும் அடுக்குகளை நாட வேண்டும். எக்ஸ்புளோரரில் 'ஆல்' என்னும் தொகுப்பை. முன்னதில் அடுக்கை மறைக்கலாம், காட்டலாம், நகர்த்தலாம். வரிகளுக்கிடையே புதிய சொல்லைப் புகுத்திப் பக்கத்தை மீள ஒழுங்குபடுத்த இயலாது. பின்னதில் அதுவும் இயலும். ஆகவே ஒரே செயலுக்கு இரண்டு நிரல்கள் எழுத நேர்ந்தது.

தமிழுக்கோ மேலும் ஒரு சுமை. பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்ப, நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகைக் கோப்பும் எக்ஸ்புளோரருக்கு வேறு வகைக் கோப்பும் வேண்டியிருந்தன. உரியது கிட்டாத வாசகர் கவிதையைக் கண்டாரல்லர். பொருளற்ற குறிகளையே கண்டார்.

உலாவியின் பெயரைக் கேட்டு வழி பிரிப்பது பலர் கையாண்ட குறுக்குவழி. பெயரோ நம்பத்தக்கதன்று. நெட்ஸ்கேப்புக்கென அமைந்த பக்கங்கள் தனக்கும் கிட்டுமாறு, எக்ஸ்புளோரர் இரண்டாம் பதிப்பு முதலே நெட்ஸ்கேப்பின் 'மொசில்லா' என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. இன்றைய குரோமும் அப்பெயரையே முதலில் சொல்கிறது. (புனைபெயர்களில் திளைக்கும் இவ்வவைக்கு இது வியப்பளிக்காது.) தேர்ந்தோர் பெயரை விடுத்து, 'இச்செயல் உன்னால் இயலுமா?' என நிரலிலேயே வினவினர்.

1998இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, உறுப்புகளைச் சுட்டப் பொதுமுறை ஒன்றை வகுத்தது. 1999இல் எக்ஸ்புளோரர் ஐந்தும், 2000இல் நெட்ஸ்கேப் ஆறும் அதனை ஏற்றன. பிணக்கு ஒருவாறு தணிந்தது.

ஆனால், 'இன்ன உலாவிக்கு மட்டும்' என்று அந்நாளில் பக்கங்கள் தாங்கிய அறிவிப்பை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. நூலகத்தின் வாயிலில் வாசகரின் செருப்பைப் பார்த்து உள்ளே விடுவது போன்றது அது. பொருள் முழுவதும் முதலில் கவிதையின் அடியிலேயே இருக்கட்டும். நிரல் இயங்கும் இடத்தில் அது மறைந்து, சுட்டும்போது விரியட்டும். இயங்காத இடத்தில் அடியிலேயே கிடக்கட்டும். உங்கள் கவிதைகளைப் பக்கமாக்கித் தரும் இளைஞரிடம், ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு அப்பக்கத்தை ஒருமுறை திறந்து காட்டுமாறு கேளுங்கள்.