மருந்து மாறினும் மனம் தளரற்க

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

   

ஆண்டு விழாவில் பேசுவோர் கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். நாம் இன்று நோயைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். விழா நாளிலே இது என்ன பேச்சு என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். பெயரைச் சொல்லவும் அஞ்சி, 'அந்த வியாதி' என்று நாம் ஒதுக்கி வைத்தமையாலன்றோ நம்மவர் பலர் காலந்தாழ்த்தி வைத்தியரிடம் போகிறார்கள்? போனவர்களிலும் சிலர் பாதி வழியில் திரும்பி விடுகிறார்கள். ஆகவே இந்த மேடையிலேயே அதன் பெயரைச் சொல்லுகிறோம். அது புற்றுநோய். அதிலும் தோலிலே கறுத்துத் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோயைப் பற்றியும், அது முற்றிய நிலையில் ஒரு மருந்திலிருந்து வேறொரு மருந்துக்கு மாறும்போது மனத்தை எவ்வாறு காத்துக்கொள்வது என்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நமது தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே மெலனோமா. வெள்ளைத் தோல் உடையவர்களுக்கு வெயிலால் வருவது இது என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அவர்களுக்கே இது மிகுதியாக வருகிறது என்பது உண்மை. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோல் உடையவர்களுக்கு வரும்போது, அது பெரும்பாலும் வெயில் படாத இடத்திலே வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவையே அந்த இடங்கள். இளைஞர்கள் பலர் சட்டையில் படம் போட்டுத் திரியும் பாடகர் பொப் மார்லி 1981ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி, 36 வயதில் இறந்தாரே, அவருக்கு நோய் தொடங்கியது கால் பெருவிரலின் நகத்தடியிலேதான்.

டயகமையிலே மழையிலும் பனியிலும் மலை ஏறி இறங்குகிற கால்கள் நம்முடையவை. முள் குத்தும், அட்டை கடிக்கும், கல் கிழிக்கும். ஒரு கறுப்புப் புள்ளி உள்ளங்காலில் தோன்றினால் யார் அதைக் கவனிக்கிறார்கள்? அது பெரிதானாலும், ஓரம் கோணினாலும், புண்ணாகி ஆறாமலிருந்தாலும், இரத்தம் கசிந்தாலும், நகத்தின் கீழே கறுப்புக் கோடு ஒன்று அகன்றுகொண்டே வந்தாலும், உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதனோடு தீர்ந்துவிடக்கூடிய நோய் இது.

நாமறிந்த ஓர் அம்மாள் இருந்தார். அடுத்த டிவிஷனில் கொழுந்தெடுத்தவர். குதிகாலில் இருந்த கறுப்பு, முள் குத்திய தழும்பு என்றே இரண்டு வருஷம் இருந்துவிட்டார். அரையில் கட்டி தெரிந்த பிறகே வைத்தியசாலைக்குப் போனார். சிகிச்சை தொடங்கியது. சில மாதங்கள் சென்றபின் வைத்தியர், "இந்த மருந்து போதவில்லை, வேறொன்றுக்கு மாற்றுவோம்" என்றார். வீடு முழுவதும் இடிந்துபோயிற்று. "இனி ஒன்றுமில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்" என்று லயமெல்லாம் பேச்சு. அடுத்த கிளினிக் நாளில் அவர் போகவில்லை. அதற்கடுத்த நாளிலும் போகவில்லை. இத்தனைக்கும் சங்கத்தில் நாம் இத்தனை பேர் இருந்தோம். அந்த ஒரு மாதமும் எவரும் அவர் வாசலை மிதிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பின்னர் நம்மில் இருவர் சென்று பேசி, அவருடன் கூடவே பயணம் செய்து, வைத்தியரிடம் விளக்கம் கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார். அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திரும்பி வரும் வழியிலே சொன்னதை நாம் மறக்க முடியாது. "மருந்த மாத்துறாங்கன்னா, நம்மள இன்னும் விட்டுடலன்னுதானே தம்பி அர்த்தம்?" என்றார்.

அன்பர்களே! நாம் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். மருந்தை மாற்றுவது கைவிடுவதன்று. கையை மாற்றிப் பிடிப்பது.

மருந்து ஏன் மாற்றப்படுகிறது? முதற் காரணம், நோய் அந்த மருந்துக்குப் பழகிவிடுவது. புற்றுநோயின் அணுக்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. மருந்துக்கு மடிவன மடிந்தபின், மடியாதவை எஞ்சிப் பெருகுகின்றன. அது நோயாளியின் குற்றமன்று. பத்தியம் பிசகியதாலும் வந்ததன்று. இரண்டாவது காரணம், மருந்தின் பக்க விளைவு. இந்நாளைய சில மருந்துகள் நம் உடம்பின் காவற் படையைத் தட்டி எழுப்பி நோயோடு போரிடச் செய்கின்றன. எழுந்த படை சில வேளை குடலையும் தோலையும் நுரையீரலையும் சுரப்பிகளையும் தாக்கும். அப்போது மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டிவரும். அவ்வாறு நிறுத்திய பின்னும், மருந்தால் பெற்ற நன்மை பலருக்கு நிலைத்திருக்கிறது. மூன்றாவது காரணம், பழையதிலும் நல்ல மருந்து ஒன்று வந்து சேர்வது. இந்த மூன்றில் எது என்பதை வைத்தியரிடம் கேட்டறிவது நோயாளியின் உரிமை. கேட்காமல் வீட்டுக்கு வந்து, லயத்துப் பேச்சிலிருந்து பதில் தேடுவதே ஆபத்து.

புற்றுநோய் வைத்தியத்தின் சரித்திரமே மருந்து மாற்றிய சரித்திரம் என்று சொல்லலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் ஆந்திர நாட்டு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த அமினோப்டெரின் என்னும் மருந்தை, பொஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் சில மாதங்களில் அது திரும்பி வந்துவிட்டது. 'பயனில்லை' என்று அவர்கள் அன்றே கைவிட்டிருந்தால்? விடவில்லை. ஒன்று போதாதபோது வேறொன்றை எடுத்தார்கள். இரண்டையும் மூன்றையும் சேர்த்தார்கள். இன்று செல்வ நாடுகளில் குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் அந்த வகை இரத்தப் புற்றிலிருந்து பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

மெலனோமாவின் கதையும் அத்தகையதே. 1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டக்கார்பசின் என்னும் மருந்தைவிட்டால், முற்றிய மெலனோமாவுக்கு நெடுங்காலம் வேறு வழி அதிகமில்லை. அதுவும் சிலருக்கே, சில காலமே உதவியது. 2011இல் நிலைமை திரும்பியது. அவ்வாண்டில் இபிலிமுமாப் என்னும் காவற்படை மருந்தும், அணுவின் உள்ளே கெட்டுப்போன ஒரு விசையை அடக்கும் வெமுராஃபெனிப் என்னும் மருந்தும் வந்தன. 2014இல் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் என்பவை வந்தன. இவ்வழியைத் திறந்த ஆராய்ச்சிக்காக ஜேம்ஸ் அலிசன் என்ற அமெரிக்கருக்கும் தசுக்கு ஹொன்ஜோ என்ற ஜப்பானியருக்கும் 2018இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், தமது 90ஆம் வயதில், மெலனோமா ஈரலிலும் மூளையிலும் பரவியிருப்பதாக அவர் உலகறியச் சொன்னார். ஈரலில் சத்திரசிகிச்சை, மூளைக்குக் கதிர்ச் சிகிச்சை, அதன்மேல் பெம்புரோலிசுமாப் என மூன்று வழிகளையும் கையாண்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் நோயின் அடையாளம் காணவில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி, நூறு வயது நிறைந்த பின்னரே அவர் காலமானார். அவருக்கு உதவிய மருந்து, நோய் தெரிவதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்னர்தான் அனுமதி பெற்றிருந்தது. ஒரு மருந்து நமக்கு வாங்கிக் கொடுக்கும் காலம் சிறிதேயானாலும், அக்காலத்திற்குள் அடுத்த மருந்து வந்து சேரலாம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஆனால் உண்மையை மறைத்து ஆறுதல் சொல்லுவது நம் நோக்கமன்று. எல்லாரும் கார்ட்டர் ஆவதில்லை. இபிலிமுமாப், நிவோலுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களைப் பற்றி 2024இல் வெளிவந்த கணக்கின்படி, பத்தாண்டு கழிந்த பின்னும் 100க்கு 43 பேர் உயிரோடிருந்தார்கள். முன்னாளில் பலர் ஓராண்டையும் கடக்காத நோய்க்கு இது பெரிய மாற்றம். எனினும் 57 பேர் அந்நாளைக் காணவில்லை. நம்மவர்க்கு உள்ளங்காலில் வரும் வகை, இம்மருந்துகளுக்குச் சற்றுக் குறைவாகவே இணங்குகிறது. மருந்துகளோ விலை மிகுந்தவை; எல்லாம் எங்கும் கிடைப்பதில்லை. இவற்றை அறிந்த பின்னும் நிற்பதே நம்பிக்கை. அறியாமல் நிற்பது முதற் காற்றிலே சாய்ந்துவிடும்.

மருந்து மாற்றிய பின் வரும் காலமே மிகக் கடினமானது. புதிய மருந்து வேலை செய்கிறதா என்பது அடுத்த படம் எடுக்கும் வரையில் தெரியாது. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கவ்வாத்து வெட்டிய மலையை நாம் அறிவோம். பச்சையெல்லாம் போய்க் குச்சியாக நிற்கும் செடியைப் பார்த்து, வேர் செத்துவிட்டதென்று எவனும் பிடுங்கிப் போடுவதில்லை. அதற்குரிய நாள் கொடுத்துக் காத்திருக்கிறோம். அவ்வாறே இக்காலத்திலும் முடிவை முன்கூட்டி எழுதிவிடாதீர்கள். நம்பிக்கையைத் தூரத்திலே வைக்க வேண்டாம். கையெட்டும் இடத்தில் வையுங்கள். இந்த வாரம் சோறு செமிக்க வேண்டும், வருகிற கிளினிக்குக்குத் தவறாமல் போக வேண்டும், பிள்ளையின் பரீட்சை வரை தெம்போடிருக்க வேண்டும் என்று சிறிது சிறிதாக நம்புகிறவனுக்கு மனம் உடைவதில்லை.

இந்த இடைவெளியிலேதான் இரகசிய மூலிகை, ஒரே வேளை மருந்து என்று சொல்லிக்கொண்டு பணம் பறிப்போர் வாசலுக்கு வருவார்கள். அவர்களை நம்பிச் சிகிச்சையை விடாதீர்கள். மாரியம்மனுக்கு நேர்த்தி வைப்பவர்கள் வையுங்கள். அம்மன் ஒருபோதும் கிளினிக்குக்குப் போகாதே என்று சொன்னதில்லை. வேறு மருந்து ஏதும் உட்கொண்டால் அதையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இனி, வாலிப அன்பர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். மகரகமையிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு 'அபேக்ஷா' என்று பெயர். சிங்கள மொழியிலே எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பது அதன் பொருள். தேர்தலில் நிற்பவரை முன்பு அபேட்சகர் என்று நாம் சொல்லி வந்தோமே, அதே சொல்தான். அரசாங்க வைத்தியசாலையாகையால் அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் டயகமையிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்கு? அக்கரப்பத்தனை, தலவாக்கலை என்று பஸ் ஏறி, கொழும்புக்கு ரயில் பிடித்து, அங்கிருந்து மகரகம போக வேண்டும். போகிற நாளுக்குப் பேர் விழாது. துணைக்குப் போகிறவருக்கும் விழாது. மருந்து மாறும்போது பயணமும் கூடுகிறது. நோயாளி சிகிச்சையை விடுவது பெரும்பாலும் மனம் தளர்ந்து மட்டுமன்று, கை வறண்டும்தான்.

ஆகவே நம் சங்கம் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, கிளினிக் நாளில் நோயாளியுடன் ஒருவர் துணை செல்லுதல். எழுதப் படிக்கத் தெரிந்தவராயும் சிங்களம் பேசத் தெரிந்தவராயும் இருப்பது நலம். மருந்து ஏன் மாறுகிறது, என்ன பயன் எதிர்பார்க்கப்படுகிறது, எந்த அறிகுறி கண்டால் உடனே வரவேண்டும், அடுத்த பரிசோதனை எப்போது ஆகிய நான்கையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். கிளினிக் புத்தகமும், பரிசோதனைத் தாள்களும், படங்களும் ஒரே பையில் இருக்கட்டும். இரண்டாவது, பயணச் செலவுக்கு ஒரு சிறு நிதி. திருவிழாச் செலவில் ஒரு வேட்டுச் சத்தம் குறைந்தால் ஒருவருடைய ரயில் செலவு கிடைக்கும். மூன்றாவது, போய்ப் பார்த்தல். போய் 'எப்படியும் சுகமாகிவிடும்' என்று சொல்ல வேண்டாம். 'இன்றைக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, தண்ணீரோ விறகோ வேண்டுமானால் கொண்டுவந்து வைத்துவிட்டு வாருங்கள். அது போதும்.

மாற்றுவதற்கு மருந்தே இல்லாத நாளும் சிலருக்கு வரும். அப்போதும் வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. நோவைத் தணிக்கவும், மூச்சுத் திணறலை ஆற்றவும், உறக்கம் கொடுக்கவும் மருந்துகள் உண்டு. அவற்றைக் கேட்பது தோல்வியன்று. நோவின்றி வீட்டாரோடு பேசியிருக்கும் ஒரு மாலைப்பொழுதும் நம்பத்தக்க பொருளே.

அந்த அம்மாளின் கதையை முடிக்க வேண்டும். இரண்டாவது மருந்து அவருக்கு ஓராண்டுக்கு மேல் கொடுத்தது. மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் காலையில் தாமே ரொட்டி சுட்டுக் கொடுத்தார். மூன்றாவது மருந்து தொடங்கிய சில வாரங்களில், தமது வீட்டிலே, தம் மக்கள் சூழக் கண் மூடினார். இன்று அவர் நம்மிடையே இல்லை. அந்த ஓராண்டை வீண் என்று அவர் மகனிடம் யாராவது சொல்லிப் பாருங்கள்! அவர் வருந்துவது ஒன்றுக்கே. தவறிப்போன அந்தக் கிளினிக் நாட்களுக்காக.

அந்த நாட்கள் அவருடைய குற்றத்தால் மட்டும் தவறவில்லை. நாம் போகாததாலும் தவறின. வைத்தியர் கையை மாற்றிப் பிடிக்கும் வேளையில், நாம் கையை விட்டிருந்தோம். இனி இந்த மலையில் எந்த வீட்டிலும் அவ்வாறு நேராதிருக்கட்டும்.