கடை வாசலில் விரித்த சட்டை

புதியம்புத்தூர் என்றாலே ரெடிமேட் துணிதான். அங்கே சட்டை எடுக்கிறவர்கள் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி, அது நல்ல பழக்கம். டியூப் லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்த துணியும் தையல் நூலும், சாயம் வேறாக இருந்தால், வெயிலில் வேறு வேறாகத் தெரியலாம்.

பக்கத்து நிறமும் கண்ணை ஏமாற்றும். பாரிஸில் கோப்லன் என்றொரு நெசவுக்கூடம். 1824-இல் அதன் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் வெளிறிக் கிடக்கிறது என்று புகார். சோதித்தார். சாயத்தில் குறை இல்லை! நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்ததால்தான் கறுப்பு மங்கலாகத் தெரிந்தது. 1839-இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார். கரிசல் காட்டில் வெடித்த பருத்தி அத்தனை வெள்ளையாகத் தெரிகிறதே, அதில் மண்ணுக்கும் பங்குண்டு.

வெளிச்சத்தைப் பற்றிய நம் ஊகமும் ஏமாற்றும். 2015-இல் ஒரு கவுனின் படம் உலகத்தையே இரண்டாக்கியது. சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னும். உடை நிழலில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட மூளை, நீலத்தை நிழலின் நிறமென்று கழித்துவிட்டு வெள்ளை என்றது. உண்மையில் அது நீலமும் கறுப்பும்தான். அது தெரிந்த பிறகும், வெள்ளையாகப் பார்த்த பலருக்கு வெள்ளையாகவே தெரிந்தது.