தனியா வா, போன் வேணாம்

இன்னைக்கு ஒரே ஒரு பத்திரிகையாளரைப் பற்றித்தான் பேசப்போறேன். பேரு சுஆத் மெகனெத். 1978-ல ஜெர்மனியோட ஃபிராங்க்ஃபர்ட்ல பிறந்தவங்க. அப்பா மொராக்கோ, சுன்னி. அம்மா துருக்கி, ஷியா. பிழைப்புக்காக ஜெர்மனிக்குப் போன குடும்பம்.

செப்டம்பர் 11 நடந்தப்ப சுஆத் காலேஜ் ஸ்டூடன்ட். விமானத்தை மோதின முகமது அட்டா ஹாம்பர்க்ல படிச்சவன்னு தெரிஞ்சதும், கிளம்பி அங்கேயே போயிட்டாங்க. பின்னாடி ஒரு நாள், அந்தத் தாக்குதல்ல இறந்த தீயணைப்பு வீரரோட மனைவியைச் சந்திக்கிறாங்க. எங்க மேல இவ்வளவு வெறுப்பு இருக்குன்னு எங்களுக்கு ஏன் யாருமே சொல்லலைன்னு அந்த அம்மா கேட்டாங்க. அரசியல்வாதிகளை மட்டும் இல்ல, பத்திரிகைக்காரங்களையும் சேர்த்துத்தான்.

அதுக்கப்புறம் சுஆத் செஞ்சதெல்லாம் கிட்டத்தட்ட அந்தக் கேள்விக்குப் பதில் தேடுறதுதான். 2014-ல துருக்கி-சிரியா எல்லைக்கு ராத்திரி நேரத்துல போய் ஒரு ஐஎஸ் கமாண்டரைப் பார்க்கிறாங்க. கண்டிஷன் என்னன்னா, தனியா வரணும். போன், ரெக்கார்டர், அடையாள அட்டை எதுவும் கூடாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, அவ்வளவுதான். அவனும் இவங்களை மாதிரியே ஐரோப்பாவுல வளர்ந்தவன், மொராக்கோ பூர்விகம். பாகுபாடு இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அங்கேயே இருந்து முன்னேறிக் காட்டுறதுதான் உண்மையான ஜிஹாத், நீ சுலபமான வழியைத் தேர்ந்தெடுத்துட்டேன்னு அவன் முகத்துக்கு நேரா சொல்றாங்க. ஒரு முஸ்லிமா அவங்களால அந்த வார்த்தையை வச்சே அவனோட வாதாட முடிஞ்சது. வெளியில இருந்து போற ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா எடுபட்டிருக்குமா?

2015 பிப்ரவரியில, பிணைக்கைதிகளைக் கொல்ற வீடியோக்கள்ல வந்த முகமூடி ஆள், 'ஜிஹாதி ஜான்', லண்டன்ல வளர்ந்த முகமது எம்வாசிதான்னு வாஷிங்டன் போஸ்ட்ல வெளியிட்டாங்க. கூட எழுதினவர் ஆடம் கோல்ட்மேன். எம்வாசி வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் சம்பந்தமான டிகிரி வாங்கினவன். அட்டா படிச்சது கட்டடக்கலையும் நகரத் திட்டமிடலும். இன்ஜினியரிங் படிச்ச எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கு. "படிச்ச பையன் எப்படிப்பா இதுல போய்?"னு நம்ம வீட்ல கேட்பாங்க இல்ல, அந்தக் கேள்வியே தப்புன்னு தோணுது. கம்பெட்டா, ஹெர்டாக்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2016-ல ஒரு புத்தகமே போட்டாங்க: இந்த மாதிரி குழுக்கள்ல இன்ஜினியருங்க எதிர்பார்க்கிறதைவிட ரொம்ப அதிகம்னு. எதுக்கும் ஒரே ஒரு சரியான விடை இருக்கணும்னு நினைக்கிற புத்தி, நம்ம கேன்டீன் சண்டைகள்லயும் நான் பார்த்ததுதான்.

இதையெல்லாம் எழுதினவங்க வீட்டையும் வன்முறை விடலை. 2016 ஜூலையில மியூனிக்ல ஒரு ஷாப்பிங் மால் பக்கத்துல நடந்த துப்பாக்கிச்சூட்டுல 9 பேர் செத்தாங்க. அதுல ஒருத்தன் சுஆத்தோட உறவுக்காரப் பையன், 14 வயசு. அன்னைக்கு ராத்திரி நிறைய பேர் சந்தேகப்பட்டது இஸ்லாமியத் தீவிரவாதிகளைத்தான். ஆனா சுட்டவன் 18 வயசுப் பையன், ஈரான் வம்சாவளி, அதே சமயம் வெளிநாட்டுப் பூர்விகம் உள்ளவங்களை வெறுத்தவன். அது வலதுசாரி நோக்கத்தோட நடந்த கொலைதான்னு பவேரியா போலீஸ் ஒத்துக்க 2019 ஆகிடுச்சு.