விளையாட்டும் உழைப்பும் உரிமையும்
(மண்டூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணினி விளையாட்டைப் பற்றியா அரசியல் மேடையிற் பேசுவது என்று சிலர் வியக்கலாம். கண்ணகை அம்மன் பெயரால் வடசேரி, தென்சேரி என அணிவகுத்துக் கொம்பு முறித்த மட்டக்களப்பு மக்களுக்கு விளையாட்டின் பெருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எந்த விளையாட்டுக்கும் விதிகள் உண்டு. யார் உழைப்பது, யார் உள்ளே வருவது, யார் வெளியே நிற்பது என்பதை விதியை வகுப்பவரே முடிவு செய்கின்றார். அரசியலும் அதுவேயன்றோ?

2023ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து "வெண்பா" என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறிய குடும்பமொன்றின் கதை அது. அதிலே வாளில்லை, துப்பாக்கியில்லை. தாய்வழி வந்த சமையற் குறிப்பேடு சிதைந்து கிடக்கின்றது. அழிந்த வரிகளை ஊகித்து, இட்டலி அவிப்பது முதலாக ஒவ்வொரு பணியையும் ஆடுபவரே செய்து முடித்தல் வேண்டும். உண்டு எழுந்து போகின்றவர் கண்ணிற் படாத அடுப்படி உழைப்பு, அங்கே ஆடுபவர் கைக்குப் புலனாகின்றது. 2024இல் பிரித்தானியாவின் பாப்டா விருதும் அதற்குக் கிடைத்தது.

உழைப்பை உணர்த்தும் விளையாட்டு, தடையையும் உணர்த்த வல்லது. 2020இல் வெளிவந்த "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" இரண்டாம் பாகத்தில், உடற்குறையுடையோரும் ஆடத்தக்கவாறு 60க்கு மேற்பட்ட வசதிகள் அமைக்கப்பட்டன. ஒலியைக் கொண்டே வழியறிந்து பார்வையற்றோரும் அதனை ஆடி முடித்தனர். அவர்தம் கண் மாறவில்லை; விளையாட்டின் அமைப்புத்தான் மாறிற்று.

நம் நாட்டின் நிலை என்ன? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக்கட்டடங்களுள் அவர்கள் தடையின்றிச் செல்ல வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்திக் கட்டளையிட்டது. ஏட்டிலே குறைவில்லை. ஆயினும், போரிற் காலிழந்த உழவர் ஒருவர் அலுவலகப் படிக்கட்டின் கீழ் நின்று, மேலே செல்லப் பிறர் தோளைத் தேடுவாராயின், அந்த எழுத்தால் அவருக்கு என்ன பயன்?

வணிகத்துக்காக விளையாட்டுச் செய்வோர் தம் விதியை மாற்ற முடியுமாயின், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அரசால் ஏன் முடியாது? சட்டம் தந்த உரிமையையே நாம் கேட்கின்றோம். பாடசாலை, வைத்தியசாலை, கமநல நிலையம், பிரதேச சபை ஒவ்வொன்றின் வாசலிலும் கேட்போம்: சாய்தளம் எங்கே? 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி எழுத்திலேயே கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுவோம். படுவான்கரையின் முதற்குரல் மண்டூரிலிருந்து எழட்டும்!